துப்பாக்கியின் இடுப்பு

பேகம்பூர் கறிக்கடைக்குப் போன சகாயசெல்வி கறியோடு ஒரு சேதியையும் வாங்கிக்கொண்டு வந்தாள். சேதிதான் முதலில் வாசலைத் தாண்டியது.

"ஏங்க, தம்பி வேட்டைக்குப் போயிருக்கானாம். முதலாளி ஜீப்புல கூட்டிட்டுப் போயிட்டாராம். சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு பன்னி ஆளைக் கிழிச்சிருச்சாம்ல? அதைச் சுடத்தேன். நீங்க செஞ்ச துப்பாக்கியத்தேன் கொண்டு போயிருக்கான்!"

மரியசெல்வம் ஒரு தொட்டில் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். கை நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. முதலாளி வீட்டு வேலைக்காரன் ஒருவன் கடையில் நின்று அந்தத் துப்பாக்கியின் அழகைச் சொல்லச் சொல்ல, கறி வெட்டுகிற பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். அதைச் செய்தவர் வீட்டம்மா இவதான் என்று யாரோ காட்டிக்கொடுக்க, சவ்வில்லாத கறியாகப் பார்த்துப் போட்டாராம். கூடப்பிறந்த தம்பியும் கட்டிக்கொண்டவன் கைவேலையும் சேர்ந்து ஒரு நல்ல காரியத்துக்குப் போயிருக்கிறது என்றால் ஒரு பெண்ணுக்குப் பெருமைக்குக் கேட்கவா வேண்டும்.

"எத்தனை மணிக்குப் போனாக?"

"விடிஞ்சதும் கெளம்புனாகளாம். அட, நீங்க எங்க கெளம்புறீக? கொழம்பு வச்சிர்றேன், செத்த நேரம் இருங்க."

"வாரேன்" என்று சொன்னதாகத்தான் அவனுக்கு ஞாபகம். சொன்னானோ இல்லையோ, சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது. உன் தம்பி கையில் இருப்பது துப்பாக்கி இல்லையடி, நான் பூசி மெழுகிய ஒரு விரிசல் என்று எந்த வாயால் அவளிடம் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அவன். அதுவும் நன்றாகவே மறைத்திருந்தான்.

சித்தையன்கோட்டை பன்னிரண்டு மைல். தை மாத வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. செம்பட்டி ரோட்டில் புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எவ்வளவு மிதித்தாலும் அடுத்த மரம் அதே இடத்திலேயே நிற்பது மாதிரி இருந்தது. மாதாவே, பன்றி இன்றைக்கு வெளியே வரக்கூடாது, காட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மிதித்தான். ஒரு காட்டுப்பன்றியின் ஆயுசுக்காக மாதாவிடம் மன்றாடிய ஒரே தச்சுவேலைக்காரன் திண்டுக்கல் சீமையிலேயே அவனாகத்தான் இருக்கும்.

அந்தத் துப்பாக்கி அவனிடம் வந்தது போன ஆவணியில். புகையிலை மண்டி வைத்திருந்த கண்ணுசாமி முதலாளி, சீமைக்குத் திரும்பிப்போன ஒரு எஸ்டேட் துரையிடம் அதை வாங்கியிருந்தார். வாங்கின கையோடு ஜீப்பிலிருந்து கீழே போட்டு, தோளில் அணைக்கிற மரக்கட்டையை இரண்டாக ஒடித்தும் வைத்திருந்தார். குழலும் விசையுமான இரும்பையும் ஒடிந்த துண்டுகளையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பட்டறையில் வைத்தார். "இதே மாதிரி ஒரு கட்டை வேணும்ப்பா. நான் என்ன வேட்டைக்கா போகப் போறேன்? ஹால்ல சொவத்துல மாட்டப் போறேன். வர்றவன் பாத்து வாயப் பொளக்கணும், அம்புட்டுத்தேன்" என்றார். சுவர் என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் பிறகு எல்லாமே நடந்தது.

மாதா கோயிலுக்குப் பெஞ்சு, கல்யாணத்துக்குக் கட்டில், கடைசிக்குப் பெட்டி என்று செய்து பழகிய கை அது. அழகு என்றால் அவனுக்குச் செதுக்குவேலைதான். பூ, கொடி, சிறகு விரித்த சம்மனசு. அந்தத் துப்பாக்கியில் எதுவுமே இல்லை. கை பிடிக்கிற இடத்தில் மட்டும் பொடிக் கட்டங்களாகக் கீறியிருந்தது, அதுவும் வியர்வையில் வழுக்காமலிருக்க. அப்படியிருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒடிந்த துண்டுகளை ஒட்டவைத்து எட்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்பதாம் நாள்தான் பிடிபட்டது. அதில் எதையும் சேர்த்து அழகாக்கவில்லை, வேண்டாததை எடுத்து எடுத்தே அழகாக்கியிருக்கிறார்கள். தோளில் அணைகிற இடத்தில் அகலமாகத் தொடங்கும் மரம், கன்னம் படிகிற இடத்தில் மெல்ல இறங்கி, கை பிடிக்கிற இடுப்பில் ஆட்டுக்குட்டியின் முன்னங்கால் அளவுக்குச் சிறுத்து, பிறகு இரும்பை ஏந்திக்கொண்டு முன்னே போய், எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிகிறது. அடியிலிருந்து நுனிவரை ஒரே கோடு. விரலால் தடவினால் எங்கும் தட்டுவதில்லை. நடுவில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் தராசு மாதிரி நிற்கிறது. ஒரு உயிரை எடுக்கிற சாமானுக்கு இவ்வளவு லட்சணம் எதற்கு என்று கோபம்கூட வந்தது. கோபம் வந்த இடத்திலேயே ஆசையும் வந்துவிட்டது.

ஆசை வெட்கம் அறியாது. கோயில் பீடத்து நற்கருணைப் பேழைக்குக் கதவு செய்யவென்று ஏழு வருசமாகப் பரணில் காய வைத்திருந்த வாகைப் பலகையை இறக்கினான். கிளை பிரிகிற கவட்டையில் அறுத்த பலகை. அதில் தீக்கொழுந்து மாதிரி ரேகை ஓடும். எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் உள்ளே விளக்கு எரிவது மாதிரி இருக்கும். கதவுக்கு அது போதும். பிடிக்கிற, தாங்குகிற எந்தச் சாமானுக்கும் அது ஆகாது. நார் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே சுழித்து ஓடுகிற மரம் பாரம் விழுந்த இடத்தில் பட்டென்று விட்டுவிடும். மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறவனுக்குக்கூட இது தெரியும். மரியசெல்வத்துக்குத் தெரியாதா? சுவரில்தானே தொங்கப் போகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான். துரை வைத்த இடுப்பைவிட அரை விரற்கடை இன்னும் சிறுக்கவும் செய்தான்.

இன்னொன்றும் செய்தான். முதலாளிக்குக் கை குட்டை. அவர் அளவுக்கு வெட்டினால் கட்டை குட்டையாகி மொத்த உருவும் மொண்ணையாகத் தெரிந்தது. அதனால் மச்சினன் இஞ்ஞாசியைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் நீளக் கைக்கும் கழுத்துக்கும் அளவெடுத்தான். முதலாளியின் தோட்டத்தில் காவலிருக்கும் இஞ்ஞாசி நாட்டுத் துப்பாக்கியில் குறி பிசகாதவன். கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே நின்றான். "யாருக்கோ செய்யிற சட்டையை எனக்குப் போட்டுப் பாக்குறீகளே மச்சான்" என்றான். இப்போது பார்த்தால், அவனைக் கொண்டுபோய் அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் நிறுத்தியதே இந்த அளவுதான். முதலாளி எடுத்து வைத்துப் பார்த்தால் அவர் தோளில் அது சேர்ந்திருக்காது. இஞ்ஞாசி தோளில் ஒட்டியிருக்கும்.

விரிசல் கடைசி நாளில் விட்டது. விசைக்குப் பின்னாலிருக்கும் திருகாணியை முறுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், பல்லி சொன்ன மாதிரி. இடுப்பின் குறுக்கே ஒரு மயிரிழை. மூன்று மாத உழைப்பு. அன்று சாயங்காலம் முதலாளி வருகிறார். வாகைத்தூளை அரக்கில் குழைத்து அடைத்துத் தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான். ரேகையோடு ரேகையாக அது மறைந்தது. முதலாளி வாயைப் பிளந்தார். அவனும் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

சித்தையன்கோட்டைக்கு முன்னாலேயே பன்றியைக் கலைக்கத் தப்படிக்கிற சத்தம் கேட்டுவிட்டது. வாய்க்கால் கரையில் கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம், "ஜீப்பு எங்கிட்டுத்தா போச்சு?" என்று கேட்டான்.

"அந்தா, சோளக்காட்டுக்குக் கெழபுறம். நீ போகாதப்பு. பன்னி உள்ளதேன் கெடக்கு. மூணு பக்கமும் சுத்தி அடிச்சிக் கலைக்கிறாக."

சைக்கிளைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினான். ஜீப்பின் மேல் கண்ணுசாமி முதலாளி நின்றிருந்தார். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த யாரோ ஒரு விருந்தாளி. இருவர் கையிலும் கண்ணாடித் தம்ளரில் இளநீர். மரியசெல்வத்தைப் பார்த்ததும் முதலாளி முகம் மலர்ந்தது. "அடடே, ஆளே வந்தாச்சு. இவன்தேங்க அதைச் செஞ்சவன்" என்று விருந்தாளியிடம் காட்டினார்.

"முதலாளி, அதைச் சுடக்கூடாது. இஞ்ஞாசியக் கூப்பிடுங்க."

"என்னாச்சு?"

"கட்டையில விரிசல் இருக்கு. குடுக்குறப்பவே இருந்துச்சு. மறைச்சுட்டேன்."

விருந்தாளியின் முன்னால் முதலாளிக்கு என்னவோ போலாகிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "நேத்து தோப்புல ரெண்டு குண்டு போட்டுப் பாத்தாச்சுய்யா. பூ மாதிரி இருந்துச்சு. வெயில்ல வந்து உளறாத."

ரெண்டு குண்டு. அப்படியென்றால் அரக்கு எப்போதோ உதிர்ந்திருக்கும். மயிரிழை இந்நேரம் நகம் நுழையும் அளவுக்கு வாயைத் திறந்திருக்கும், உள்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாமல். இடுப்பில் முறிந்தால் இரும்பு பின்னால் வரும், நேராகக் கண்ணுக்கு. அதையும் தப்பித்தால் முன்னால் பன்றி இருக்கிறது.

"மூணாவது தாங்காது முதலாளி. நான் செஞ்சது, எனக்குத் தெரியும். சத்தியமாத் தாங்காது. கால்ல வேணாலும் விழுறேன், தப்ப நிறுத்தச் சொல்லுங்க."

"நடுக்காட்டுல பத்து இருவது பேரு நிக்கிறான். இப்ப நிறுத்துனா அது அவனுக மேல திரும்பும். யாரு பதில் சொல்றது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

சோளக்காட்டுக்கு எதிரே கத்தரித் தோட்டம். அதன் கோடியில், கிணற்று மேட்டை ஒட்டி, இஞ்ஞாசி ஒற்றை முழங்காலில் உட்கார்ந்திருந்தான். நூறு கெஜம் இருக்கும். மரியசெல்வம் வேறெதையும் யோசிக்கவில்லை. கத்தரிச் செடிகளுக்கு நடுவே இறங்கி ஓடினான். "சுடாதலே! கட்டை விட்டுப்போச்சு! சுடாத!" தப்பும் கூச்சலும் அதை விழுங்கின. முதலாளி பின்னாலிருந்து கெட்ட வார்த்தையில் கத்தியது மட்டும் எப்படியோ கேட்டது. கால் சேற்றில் புதைந்து செருப்பு ஒன்று போனது. பாதித் தோட்டம் தாண்டியபோது இஞ்ஞாசி அவனைப் பார்த்துவிட்டான். பார்த்து எழுந்தான். ஆனால் அவன் முகம் மாறியது மரியசெல்வத்தைப் பார்த்து இல்லை, அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்து.

சோளத் தட்டை ஒடிகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கறுப்பாக, கன்றுக்குட்டி உயரத்துக்கு, வரப்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அந்த வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் அவன்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தான் வந்திருக்காவிட்டால் இஞ்ஞாசிக்கு இஷ்டம்போல் சுடலாம், சுடாமல் கிணற்று மேட்டில் ஏறியும் கொள்ளலாம். இனி அவன் சுட்டே ஆகவேண்டும். தடுக்க வந்தவனே அவன் கையை விசையில் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

இஞ்ஞாசி இடது கையைக் கீழ்நோக்கி ஆட்டினான். படுங்க மச்சான், படுங்க. வாயசைவிலேயே தெரிந்தது. படுத்தால் போதும், தலைக்கு மேலே குண்டு போகும். குறி பிசகாதவன்.

ஆனால் படுத்தால் அவன் சுட்டுவிடுவான். மரியசெல்வம் படுக்கவில்லை. கைகளை இரண்டு பக்கமும் அகல விரித்து நின்றான்.

இஞ்ஞாசி துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான். வெயில் வாகையில் விழுந்து அது கொழுந்துவிட்டது. தோளிலிருந்து குழலின் நுனிவரைக்கும் மரமும் இரும்பும் அவன் கையும் கழுத்தும் ஒரே கோடாகி நின்றன. அத்தனை பயத்திலும் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றிவிட்டது மரியசெல்வத்துக்கு. அந்த நொடிக்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

இடைவெளி தேடி இஞ்ஞாசி ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்தான். மரியசெல்வமும் நகர்ந்து குழலுக்கு நேரே வந்து நின்றான். இஞ்ஞாசி இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தான். அவனும் வைத்தான். "வெலகுங்க மச்சான்!" என்று இஞ்ஞாசி அழுதது இப்போது காதில் தெளிவாகவே விழுந்தது. கத்தரிச் செடிகள் நசுங்குகிற சத்தம் பின்னால் வரிசை வரிசையாக நெருங்கிக்கொண்டிருந்தது. இஞ்ஞாசி மறுபடியும் வலப்பக்கம் போனான். ஒற்றைச் செருப்போடு, விரித்த கையை மடக்காமல், மரியசெல்வமும் அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான்.