‘சித்தமானால்’ அண்ணன்

“தேதி கேட்டா தேதியைச் சொல்லுங்க. கர்த்தருக்குச் சித்தமானால்னு எந்தக் காலண்டர்லயும் ஒரு தேதி கிடையாது.”

ஐந்தாம் மாடியிலிருந்து இந்தக் குரல் இறங்கி வந்தபோது நான் மூன்றாம் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அதாவது, மடிப்பதை நிறுத்தியிருந்தேன். கத்தியவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அண்ணி. மாத்திரை எண்ணிக் கொடுத்தே பழகியவள், எதிலும் துல்லியம் வேண்டும். கத்து வாங்கியவர் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டிடத்தில் அவருக்கு ‘சித்தமானால்’ அண்ணன் என்று பெயர். நாளைக்கு வருவீர்களா என்றால் “கர்த்தருக்குச் சித்தமானால்”. குழாயில் தண்ணீர் வருகிறதா என்றாலும் அதே பதில்தான். திறந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

“அஞ்சு மணிக்குச் சம்பந்தியம்மா போன் பண்ணுவாங்க. மாப்பிள்ளை மூணு மாசத்துக்குள்ள வேற ஊருக்கு வேலைக்குப் போகணும். நம்ம பொண்ணு கல்யாணம் என்னிக்குன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

“கர்த்தருக்கு...”

“வேணாம். அதைச் சொல்லாதீங்க.”

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். நாலு மாதத்துக்கு முன்னால், வேறொரு கட்டிடத்தில், அண்ணன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ரூமில் அவர் நிறுத்தி வைத்திருந்த சுவிட்சை யாரோ விவரம் தெரியாமல் போட்டுவிட்டார்கள். பெட்டி அவரைச் சுமந்துகொண்டு மேலே ஏறியது. அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். பெட்டி நின்றபோது அவர் முதுகுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒரு சாண். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, தேவன் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னார், நாங்களும் ஸ்தோத்திரம் சொன்னோம். அன்றோடு சரி. மனுஷன் லிஃப்ட் பக்கமே போவதில்லை. வீட்டுக்கு வரவே ஐந்து மாடியும் படி ஏறுகிறார். திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தாயிற்று. நான் பிரித்துப் படிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் கவருக்குள் இருப்பது தானாகத் தெரிகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

திடீரென்று மேலே குரல்கள் தணிந்தன. சத்தமாகச் சண்டை போட்டால் கவலையில்லை. இப்படித் தணிந்து பேசினால்தான் எனக்குக் கஷ்டம். அவர்கள் வீட்டுக் குடை ஒன்று என்னிடம் இருந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் திருப்பித் தராமல் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியை உத்தேசித்து லிஃப்டில் ஏறினேன்.

நாலாம் மாடி தாண்டியதும் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கும் போய்விட்டது.

இருட்டில் முதலில் என் மூச்சுதான் கேட்டது. அப்புறம், அந்தரத்தில் தொங்குகிறோம் என்ற பயத்துக்கு நடுவிலும் ஒன்று கவனித்தேன். ஐந்தாம் மாடிப் பேச்சு அந்த லிஃப்ட் குழிக்குள் அட்சரம் பிசகாமல் கேட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

“உங்களுக்குப் பயம். பயமா இருக்குன்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கர்த்தர் பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதீங்க. பைபிள்ல அந்தக் குஷ்டரோகி இயேசுகிட்ட வந்து, ‘உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்கும்’னு கேட்டான். அதுக்கு அவர் என்ன சொன்னார்? ‘எனக்குச் சித்தமுண்டு’ன்னார். நீங்க குஷ்டரோகி பேசினதோட புத்தகத்தை மூடிடறீங்க. அவர் சொன்ன பதிலைக் காதுல வாங்குறதே இல்ல.”

 “கண்ணை மூடினா அந்த ஒரு சாண்தான் தெரியுது” என்றார் அண்ணன். “இன்னொரு தடவை அது அரைச் சாணாச்சுன்னா? ஒரு தேதியைக் குறிச்சிட்டு, அன்னிக்குப் பொண்ணைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் இல்லேன்னா?”

அபாய மணியை நான் அப்போதே அழுத்தியிருக்கலாம். பேச்சு முடியட்டும் என்று நின்றேன். அந்த நேரத்தில் பெட்டி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அவ்வளவுதான். மணியை விட்டுக் கையை எடுக்கவேயில்லை.

“யாரு உள்ள?” அண்ணியின் குரல்.

“நான்தான். குடையைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“மூணு வாரமா வெயில்தானே அடிக்குது அக்கா.”

லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். சனிக்கிழமை என்பதால் ஒரே ஒரு மெக்கானிக்தான், அவரும் ஊரின் மறுகோடியில் இருக்கிறார், இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது என்றேன். பொய் இல்லை, நிஜமாகவே முட்டியது.  பிறகு படியில் செருப்புச் சத்தம், மொட்டைமாடியை நோக்கி.

சிறிது நேரத்தில் பெட்டி அங்குலம் அங்குலமாக இறங்க ஆரம்பித்தது. மொட்டைமாடி மெஷின் ரூமில் அண்ணன் கையால் சக்கரம் சுற்றுகிறார் என்று புரிந்தது. நாலாம் மாடி மட்டத்துக்கு வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

கதவிடுக்கில் அவர் குரல் கேட்டது. “அக்கா, கதவை இழுக்குற பெல்ட் சிக்கியிருக்கு. பெட்டிமேல இறங்கித்தான் எடுக்கணும்.”

“யாரு இறங்குவா?”

அவர் செருப்புச் சத்தம் மறுபடி படியேறிப் போனது. அண்ணியை மெஷின் ரூம் சுவிட்சுக்குக் காவல் நிறுத்தி, “நான் வந்து சொல்றவரைக்கும் யாரையும் தொடவிடாதே” என்றாராம். “கர்த்தரே வந்தாலும் விடமாட்டேன்” என்றாளாம் அவள். பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் தலைக்கு மேலே ஐந்தாம் மாடிக் கதவு திறக்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

“அண்ணே?”

“இருக்கேன்.”

“என்ன பண்றீங்க?”

“பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

“எதை?”

“கீழ.” பிறகு, “பயமா இருக்கா அக்கா?” என்றார்.

“இருக்கு.”

“எனக்கும்தான்.”

அந்த மனுஷன் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தத் தைரியத்தில், “நான் வெளிய வந்துடுவேனா?” என்றேன். கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பதில் வரும் என்று கட்டிடத்துக்கே தெரியுமே. “அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே.”

“உமக்குச் சித்தமானால்...” என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.  பெட்டிக்குள் என் கைக்கடிகாரம் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு அதே குரல், யாரோ சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்வதுபோல, “சித்தமுண்டு” என்றது.

கூரைமேல் ஒரு கால் விழுந்தது. அப்புறம் இன்னொரு கால். என் தலையில் தூசி கொட்டியது.

அதற்கப்புறம் பயம் பறந்துவிட்டது என்று சாட்சிப் பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும். நான் நேர் கீழே நின்று கேட்டவள். பயம் போகவில்லை. அவர் பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது. ஸ்பானர் கைநழுவிக் கூரையில் விழுந்தது. எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டபோது ஆள் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். தகரம் அழுந்தியதில் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு சாண் மறுபடி வந்துவிட்டதாக்கும். இனி எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து நான் அழ ஆரம்பித்தேன். சபையில் எப்போதும் பின்வரிசையில் உட்கார்ந்து யார் தாமதமாக வருகிறார்கள் என்று பார்க்கிறவளுக்கு, ஜெபத்துக்கு ஒரு வார்த்தை வரவில்லை. “சித்தமுண்டு” என்றார் மேலே படுத்தபடியே. எழுந்தார். மறுபடி சொன்னார், ஒரு முடுக்கு முடுக்கினார். ஆறாவது தடவை சொன்னபோது கதவு திறந்தது.

அண்ணியைக் காவலிலிருந்து விடுவிக்க அவரேதான் மொட்டைமாடிக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இருவரும் இறங்கி வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் அவர்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வேண்டாமா?

அண்ணன் கிரீஸ் கையோடு போனை எடுத்தார். “அடுத்த மாசம் இருபத்தொண்ணு, சனிக்கிழமை” என்றார். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா, நிச்சயம்தானே என்று கேட்டிருக்க வேண்டும்.  “சித்தமுண்டும்மா” என்றார்.

அண்ணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை சுண்ணாம்பு மாதிரி முகத்தோடு வேலைக்குப் போனார். சுவிட்சில் மாட்ட ஒரு பூட்டும் கையில் இருந்தது. எங்கள் சபைக் கல்யாணப் பத்திரிகைகளில் மேலே ‘தேவசித்தமானால்’ என்று அச்சடிப்பது வழக்கம். இவர் ‘தேவசித்தமுண்டு’ என்று எழுதிக் கொடுத்தார். எழுத்துப்பிழையா என்று அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கேட்டார்கள். இருபத்தொன்றாம் தேதி பெண்ணின் கையைப் பிடித்து அவரேதான் கூட்டிப் போனார். அதே வாரம் மகளும் மருமகனும் அந்த வேறு ஊருக்குக் குடிபோனார்கள். பேத்தி பிறந்ததும் அண்ணனும் அண்ணியும் வீட்டைக் காலி செய்துகொண்டு பின்னாலேயே போய்விட்டார்கள். அங்கேயும் லிஃப்ட் வேலைதானாம்.

ஐந்தாம் மாடிக்கு இப்போது ஒரு கணக்கு வாத்தியாரும் பெண்டாட்டியும் வந்திருக்கிறார்கள். தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை. குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கும் கொடுக்க மறந்துவிட்டேன்.