குளிர் அறைக்கு இன்று யார்?

உறைய வைத்த காய்கறிப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் அந்தக் கிடங்கில் சூப்பர்வைசருக்குப் பட்டப்பெயர் தராசு. "என்கிட்ட ஆள் பாகுபாடே கிடையாது" என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தால் பின்னே எப்படிக் கூப்பிடுவார்களாம்? காலையில் யார் பேக்கிங் மேஜைக்கு, யார் லாரிக்கு, யார் குளிர் அறைக்கு என்று ஆளைப் பிரித்து விடுவது அவர் வேலை. மேஜைக்கு எல்லோரும் முந்திக்கொண்டு வருவார்கள். குளிர் அறை என்றால் மட்டும் ஒருத்தருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், இன்னொருத்தர் மாமியாருக்கு உடம்பு சரியிருக்காது. அங்கே ஜோடி ஜோடியாகக் கையுறை போட்டாலும் விரல் மரத்துப்போகும். மூக்கு ஒழுகினால் துடைக்கவும் வழியில்லை.

இதில் வம்பு என்னவென்றால், அவர் மனைவியின் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் கொதிக்கிறதே என்று மேஜையில் உட்கார வைத்தார். லாரிப் பக்கமிருந்து உடனே ஒரு குரல் வந்தது.

"மச்சினனுக்கு மெத்தை போட்டாச்சுப்பா!"

கிடங்கே சிரித்தது. தராசுக்கு முகம் செத்துப்போய்விட்டது. இனி ஒரு பயல் நம்மைப் பார்த்து அப்படிச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்றோ, மச்சினன் அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. "மாமா, மாமா" என்று சுற்றி வந்தவன் வேலையிடத்தில் "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தான். அந்த ஒரு வார்த்தை அவருக்கு நெஞ்சில் குத்தும்.

"என் தம்பியை என்ன செஞ்சீங்க?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள்.

"நான் என்னடி செஞ்சேன்? எல்லாரையும் மாதிரிதான் அவனும்!"

அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார், பாவம்.

இந்த லட்சணத்தில் கிடங்குக்குப் புது கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. இனி ஆளைப் பிரிப்பது அதன் பொறுப்பாம். அதற்காகப் பழைய ஷிப்ட் விவரம் அத்தனையையும் ஒரு பொறியாளர் பெண் அலசிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கம்பெனி விதி அப்படி. அந்தக் காய்ச்சல் நாள் அகப்பட்டுவிட்டால்? சோறு இறங்கவில்லை தராசுக்கு.

மேனேஜர் எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார். சுவரில் படம் விழுந்தது. ஆளுக்கு ஒரு கோடு, குளிர் அறைக்குப் போன கணக்கு. எல்லாக் கோடும் ஒரே உயரத்தில் நிற்க, ஒன்று மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. மச்சினனுடைய கோடு.

"இவரை மட்டும்தான் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பியிருக்காங்க" என்றாள் பொறியாளர். "காரணம் தெரியல. இவருக்கு ஏதாவது தனிப் பயிற்சி உண்டா?"

"பயிற்சி இல்லம்மா, அக்கா வீட்டுக்காரர் உண்டு!" என்றார் லாரிப் பக்கத்து ஆள், அன்றைக்கு 'மெத்தை' என்று கத்தியவரேதான்.

கேன்டீன் குலுங்கியது. மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. தராசு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சலுகை இல்லை, வேலை தப்பித்தது என்று ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வருவதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. 'இன்னிக்கு ஒரு நாள்தானே, நம்ம பையன்தானே' என்று தினமும் நினைத்ததெல்லாம் சேர்ந்து இவ்வளவு உயரமா?

"யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு பயந்தேன்" என்றார், மச்சினனைப் பார்த்து. "உன்னைப் போட்டு வதைச்சிருக்கேன். தப்புதான்டா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பழசைப் பார்த்துக் கத்துக்கிட்டா புரோகிராமும் இந்தக் கோணலையே கத்துக்கும்" என்றாள் பொறியாளர். "பழசை விட்டுடலாம். எல்லாருக்கும் சமமா, முறை வச்சுப் போகட்டும்."

"நீங்க இனிமே சரக்கைப் பார்த்துக்கிட்டா போதும்" என்றார் மேனேஜர் தராசிடம். அதிகாரம் பறிபோகிறதே என்று வலிக்கும் என்றுதான் தராசு நினைத்திருந்தார். வலிக்கவே இல்லை. இனி யார் முதுகையும், யார் மாமியாரையும் அவர் விசாரிக்க வேண்டாம். அப்பாடா என்றிருந்தது.

திங்கட்கிழமை காலை வாசலில் திரை மின்னியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குளிர் அறையில் முதல் முறை யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? மச்சினனுக்கு!

எல்லாத் தலையும் தராசு பக்கம் திரும்பியது. அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"சத்தியமா நான் இல்லப்பா!"

மச்சினன் திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பொத்துக்கொண்டு சிரித்துவிட்டான்.

"இன்னைக்கு உங்களைத் திட்டக்கூட வழியில்லாமப் போச்சே, மாமா!" என்றான் கையுறையை மாட்டிக்கொண்டே. "சாயங்காலம் சாப்பிட வரேன். அக்காவைச் சூடா ஏதாவது செய்யச் சொல்லுங்க."

மாமா! தராசு பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். போட்டாரே தவிர பேச்சு வரவில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு? வேலை போயிடுச்சா?" என்று அவள் பதறினாள்.

"ஆளைப் பிரிக்கிற வேலை போயிடுச்சுடி. நல்லவேளை, போயிடுச்சு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன் தம்பி சாப்பிட வரான்."