ஏறக்கூடாத பாறை

விடியும்போதே சுந்தரியின் கை சுண்ணாம்புக் கலவையில் கிடந்தது. கொல்கத்தா லேக் கார்டன்ஸ் துர்கா பூஜைப் பந்தலில் இந்த வருஷ ஜோடனை பாறைக்காடு. எங்கேயோ மழை அரித்து அரித்துக் கூர்கூராய் நிற்கிற சுண்ணாம்பு மலையாம். அரசாங்கமே காவல் போட்டுக் காப்பாற்றுகிறதாம். அதைப்போலவே மூங்கிலும் சாக்கும் கட்டி எழுப்பியிருந்தார்கள். ஈரப்பூச்சின்மேல் சுந்தரி இரும்புச் சீப்பால் கோடிழுத்தால், மழைத்தண்ணீர் ஓடிய தடம் அச்சு அசலாக வந்துவிடும். என்ன, மழைக்கு விரல் வெடிக்காது. இவளுக்குப் பத்தும் வெடித்திருந்தன.

நேற்று அவள் புருஷன் முத்தையா உச்சிப் பாறையிலிருந்து விழுந்துவிட்டான். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கயிறு கிடையாது. காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உச்சி பூச்சு முடியாமல் மொட்டையாக நின்றது.

காண்ட்ராக்டர் பிரேம்குமார் வந்தார்.

“சுந்தரி, உச்சிய நீயே முடிச்சிடு. சாயங்காலம் பூஜைக் கமிட்டி பாக்க வருது.”

“பெல்ட்டும் கயிறும் குடுங்க சார், ஏறுறேன்.”

“அதெல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம். முடியலன்னா கிளம்பு. கரியாஹாட் முக்குல போய் நின்னா கூலிக்கு எத்தனையோ பேர் வருவாங்க.”

இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஏறலாமென்றால் நேற்று புருஷன் விழுந்தபோது போட்ட அலறல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. என்ன செய்வாள், பாவம்?

அப்போதுதான் அடிப்பாறையில் புதிதாக ஒரு பலகையை மாட்டினார்கள். சுந்தரிக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. பக்கத்தில் கலவை குழைத்துக்கொண்டிருந்த ஷபானாவிடம் கேட்டாள்.

“என்னக்கா போட்டிருக்கு?”

ஷபானா வங்காளத்தில் உரக்கப் படித்தாள்: “பாதுகாக்கப்பட்ட பாறைகள். யாரும் ஏறக்கூடாது.”

சுந்தரி சீப்பைக் கீழே வைத்தாள்.

“சார், யாரும் ஏறக்கூடாதுன்னு நீங்களே போட்டுட்டீங்களே.”

“அது பாக்க வர்ற ஜனங்களுக்கும்மா.”

“அப்ப நாங்க ஜனங்க இல்லையா சார்? சாக்குப் பாறைக்கே பாதுகாப்பு இருக்கு. ஏறி விழுந்தவனுக்கு ஒரு முழக் கயிறு இல்ல.”

சொல்லிவிட்டுப் பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்தாள். ஷபானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒட்டி உட்கார்ந்தாள். மேலே சாரத்தில் நின்ற அசோக் பலகையை எட்டிப் பார்த்தான், மெதுவாக இறங்கினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக மூங்கில்களை விட்டு இறங்கினார்கள்.

“கலவை இறுகிடும், எழுந்திருங்க,” என்றார் பிரேம்குமார்.

“கயிறு வரட்டும் சார்,” என்றான் அசோக்.

அவர் ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். கயிறு கேட்கவா, வேறு ஆள் கேட்கவா என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டியில் கலவை இறுகத் தொடங்கியது. கிளறிவிட ஒருவரும் எழவில்லை.