கடைசிப் பக்கத்துத் தம்பி

அருந்ததிக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் புத்தகத்தைக் கையிலெடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். ஆர் செத்தது, ஆர் மிஞ்சினது என்று தெரிந்தால்தான் அவளால் முதல் பக்கத்துக்குப் போக முடியும். எனக்கோ அது பாவம் மாதிரி. "உனக்கெல்லாம் ஏனடி கதை? மரண அறிவித்தல் வாசி, போதும்" என்று எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்.

கொழும்பில் நான் கொட்டாஞ்சேனை, அவள் வெள்ளவத்தை. இரண்டு பேருக்கும் ஒரே ஒப்பீஸ். முப்பதைத் தொடப்போகிற இரண்டு பெட்டைகள், மந்திரமும் பறக்கும் கப்பலும் வருகிற, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதிய இங்கிலீஷ் புத்தகங்களுக்காக மத்தியானச் சாப்பாட்டை ஆறவிட்டுச் சண்டை பிடிப்பதைப் பார்த்து ஒப்பீஸே சிரிக்கும். சிரிக்கட்டுமே. யுத்த காலம், காலி வீதி முழுக்க ஆமிச் சோதனை, பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தும் நாட்டு நடப்பையா வாசிப்பது?

கடைசியாக எங்களைப் பிடித்தாட்டியது மூன்று பாகக் கதை ஒன்று. ஒரு கடற்கரைப் பட்டணத்தைப் பனிப்புகார் மெல்ல மெல்ல விழுங்குகிறது. அதற்குள் போனவர்கள் திரும்புவதில்லை. இரண்டாம் பாக முடிவில் கதாநாயகியின் தம்பி அதற்குள் போய்விடுகிறான்.

"அவன்ரை கதை முடிஞ்சுது. எழுதின ஆளுக்கு எங்களை அழவைக்கிற வியாதி" என்றேன் நான்.

"விசர்க்கதை கதையாதை. வருவான். தம்பிமாரை அப்பிடி லேசாச் சாகவிடேலாது" என்றாள் அவள்.

மூன்றாம் பாகம் ஹபீலாவின் பழைய புத்தகக் கடைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்க்க வழியில்லாமல் அவள் தவித்தாள். எனக்கு அதில் பெரிய சந்தோசம். இப்போது அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

அந்த இரண்டாம் பாகத்தை அவள் மறுபடி வாசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. அவர்களுடையது மூன்றாம் மாடி வீடு. கடைக்குப் போன தம்பி நிரூபன் கீழே ஆரோடோ கதைக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. தாய் சரோஜினிதேவி அன்ரி சோறு போட்டுவிட்டார்.

"தம்பி, சாப்பிட வா!" என்று இருந்த இடத்திலிருந்தே அருந்ததி கூப்பிட்டாள்.

"வாறன் அக்கா!" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

எங்கள் சனம் போகும்போது "போறன்" என்று சொல்லாது. அபசகுனம். வருகிறவனுக்கும் "வாறன்"தான், போகிறவனுக்கும் "வாறன்"தான். சோற்றுக்கு வருகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவன் விடைபெற்றிருக்கிறான். ஆரோ அவனை ஒரு வெள்ளை வான் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டு போனதை எதிர்க்கடைக்காரர் கண்டிருக்கிறார். பொலிஸ், சிறைச்சாலை, ஆஸ்பத்திரி என்று எல்லா இடமும் அலைந்தார்கள். ஒரு தகவலும் இல்லை. "எழும்பிப் பல்கனிக்குப் போயிருந்தா முகத்தையாவது கண்டிருப்பன்" என்று அருந்ததி சொல்லாத நாளில்லை.

அதற்குப் பிறகு அவள் புத்தகம் தொடவில்லை. அந்த வீட்டில் "வாறன்" என்ற சொல்லையும் ஒருவரும் சொல்வதில்லை. வெளிக்கிடும்போது நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிவிடுவேன்.

மாதங்கள் போனபின் ஹபீலா மூன்றாம் பாகத்தை எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். பஸ்ஸில் போகவரவே வாசித்தேன். கொச்சிக்கடைக்குக் கிட்டவாக வரும்போது கதையில் பனிப்புகார் விலகியது. தம்பி செத்துக் கிடந்தான். ஐந்நூறு பக்கம் அக்காக்காரியைத் தேடவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் பிணத்தைக் காட்டிவிட்டான் எழுதின அந்த மனுசன்.

"கோதாரியில போவான்!" என்று வாய்விட்டே ஏசினேன். பக்கத்து சீற்றிலிருந்த சிங்கள நோனா பயந்து தள்ளி இருந்தாள். நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது, சண்டையில் நான் வென்றுவிட்டேன். இப்படி ஒரு வெற்றி என் எதிரிக்கும் வேண்டாம்.

இதை அவள் கண்ணில் காட்டக்கூடாது என்று முடிவெடுத்தேன். ஹபீலாவிடமே திருப்பிக் கொடுக்க, அடுத்த ஞாயிறு கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். கடை இன்னும் திறக்கவில்லை. அதுவரை அருந்ததியைப் பார்ப்போம் என்று போய், பையைக் கதிரையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட, அன்ரி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போனேன். திரும்பி வந்தபோது அவள் கேட்டாள்.

"டோரின், அந்தக் கதையில பெட்டையின்ரை தம்பி வந்தவனோ?"

அந்தோனியாரே! தேத்தண்ணியை மேசையில் வைத்தேன்.

"ஓம். வந்தவன்."

"எப்பிடி வந்தவன்?"

பொய்யைத் தொடங்கினால் முடிக்கவும் வேணுமே. "புகார் விலகுது. தமக்கை சாப்பாட்டை மூடி வச்சிட்டு இருக்கிறாள். கீழ படியில காலடி கேக்குது. சப்பாத்தெல்லாம் சேறு. நல்லா மெலிஞ்சுபோனான்."

"என்ன சொல்லிக்கொண்டு ஏறுறான்?"

"வாறன் அக்கா எண்டு..." நாக்கைக் கடித்தேன். சொல்லக்கூடாத சொல் வந்துவிட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "பை திறந்து கிடந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்திட்டனடி" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காக அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. "பிறகேனடி என்னட்டைக் கேட்டனீ?"

"வருவான் எண்டு சொல்ல இந்த வீட்டில இப்ப ஒருத்தரும் இல்லை. அம்மாவும் விட்டிட்டா. ஆராவது சொல்லிக் கேக்க வேணும்போல இருந்தது." என் கையைப் பிடித்தாள். "இன்னொருக்காச் சொல்லு. படியில ஏறுறதிலயிருந்து."

நான் திரும்பவும் தொடங்கினேன். "கீழ படியில காலடி கேக்குது..."

உண்மையாகவே கேட்டது. ஆரோ ஏறி வருகிறார்கள். முதலாம் மாடி, இரண்டாம் மாடி. நான் கதையை நிறுத்தினேன். சோற்றுக் கையோடு அன்ரி குசினி வாசலுக்கு வந்து நின்றார். மூன்று பேரும் கதவையே பார்த்தோம்.

காலடி எங்கள் கதவைத் தாண்டி நாலாம் மாடிக்குப் போனது.

"அது வேற ஆரோ" என்றாள் அருந்ததி. என் கையை அவள் விடவில்லை. "நீ சொல்லு."