பூனைக்குத் துணையாகச் சாப்பிட்டது

புதுச்சத்திரத்தில் அன்று காலை கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். சின்னண்ணன் காற்றாடிக்கு நேர் கீழே, கை வைத்த மர நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி பாவாயி சமையற்கட்டு நிலைப்படியில், பாதி உள்ளே பாதி வெளியே. பாவாயியின் தம்பி சபரிநாதன், நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஒருவராக. மகன் சந்தோஷ்குமார் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், பஸ் வந்தால் எழுந்து ஓடப்போகிறவனைப் போல. அவன் மனைவி மைதிலி வாசலில் நின்ற காரின் பின்சீட்டில், மடியில் ஒரு கூண்டோடு. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் வருவதில்லை என்று அவளும் இருந்தாள். கூண்டுக்குள் இஞ்சி நிறத்தில் ஒரு பெண் பூனை. பெயர் சுக்கு.

சந்தோஷ்குமாருக்கும் மைதிலிக்கும் கல்யாணம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னார்கள். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில் சின்னண்ணன் அன்று சொன்னது இவ்வளவுதான்: "ஆளு மேல எனக்குக் கோவமில்ல. ஆனா அந்தப் புள்ள ஊட்டுல நா கை நனைக்க மாட்டேன்." அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடமாட்டேன் என்றால், அந்த வீட்டோடு உறவில்லை என்று பொருள். அதற்கு மேல் சண்டை போடத் தேவையில்லை. யாரும் போடவுமில்லை.

இப்போது மைதிலியின் அப்பாவுக்கு வேலூரில் இருதய ஆபரேஷன். பத்து நாள் இருவரும் போயாக வேண்டும். பூனையைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் சேலத்தில் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் சுக்கு ஏற்கெனவே ஆளைக் கடித்திருந்தது.

"நல்லாத்தான் இருப்பா, திடீர்னு என்னன்னே தெரியாதுங்கப்பா" என்றான் சந்தோஷ்குமார். "வேற ஊட்டுலயும் தங்க மாட்டா. நீங்கதான் எங்கூட்டுக்கு வந்து இருக்கோணும், வேற ஆளில்லீங்க."

"நாப்பது வருசம் கோழிப் பண்ணைல இருந்தவன்டா நானு. ஒரு நாளைக்கு எட்டாயிரம் கோழிக்கு ஊசி போட வெச்சிருக்கறேன். பூனை என்ன பூனை."

"பூனைக்குன்னா போவீங்க, மருமவளுக்குன்னா ஆவாதுங்களா?" என்றாள் பாவாயி, நிலைப்படியை விட்டு நகராமல்.

"போறேன், படுத்துக்கறேன், பாத்துக்கறேன். கை நனைக்க மாட்டேன். ஓட்டலு எதுக்கு இருக்குது?"

"பத்து நாளு ஓட்டல் சாப்பாடுன்னா பூனைய நீங்க பாத்துக்குவீங்க, உங்கள ஆரு மாமா பாத்துக்கறது?" என்று கேட்டுச் சபரிநாதன் சோபாவில் இன்னும் கொஞ்சம் பரவினார்.

சின்னண்ணன் மனதில் வேறு கணக்கு. போகவில்லை என்றால் மகன் இனி இந்தப் படியேற மாட்டான். போய், பூனைக்கு ஒன்று ஆகிவிட்டாலும் ஏற மாட்டான். போய், அங்கே சாப்பிட்டுவிட்டால் இந்தச் சபரிநாதன் அதை நாமக்கல் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். பூனையும் முழுசாக இருக்க வேண்டும், சொன்ன சொல்லும் முழுசாக இருக்க வேண்டும். பத்து நாள்தானே.

மகன் வீடு சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் ரோட்டுக்குப் பின்னால், மாடியில். கூண்டோடு அவரையும் அங்கே இறக்கிவிட்டு இருவரும் வேலூருக்குப் போனார்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மைதிலியின் எழுத்து. எண் போட்டு, பதினோரு குறிப்பு. பண்ணையிலிருந்து கால்நடைத் துறைக்கும் தீவனக் கம்பெனிக்கும் வாழ்நாளெல்லாம் கடிதம் எழுதியவர் சின்னண்ணன். எழுத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. ஓரம் விட்டிருந்தாள்.

'1. கதவைத் திறக்கும் முன் சுக்கு எங்கே இருக்கிறாள் என்று பார்க்கவும். 3. தூக்க வேண்டாம். 4. கண்ணோடு கண் பார்க்க வேண்டாம். 5. தானாக வந்து உரசினால் தலையிலும் தாடையிலும் மூன்று தடவை தடவலாம். நான்காவது தடவை கூடாது. மல்லாந்து வயிற்றைக் காட்டினால், தடவச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 6. வால் நுனி துடித்தால் உடனே கையை எடுத்துவிடவும்.'

எல்லாம் சரி. ஒன்பதாவதில் அவர் நின்றார்.

'9. சுக்கு தனியாகச் சாப்பிட மாட்டாள். சமையற்கட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சாப்பிடுவாள்.'

சின்னண்ணன் மெல்லச் சிரித்தார். படித்த பெண். நேரே கேட்டால் நடக்காது என்று பூனையை விட்டுக் கேட்கிறாள். நாற்பதாயிரம் கோழிக்குத் தீவனம் வைத்தவரிடம், பக்கத்தில் உட்கார்ந்து தின்னக் காட்ட வேண்டுமாம். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த வரியை நேராக அடித்து, பக்கத்தில் 'பொருந்தாது' என்று எழுதினார்.

முதல் நாள் சாயங்காலமே சுக்கு அலமாரி மேல் ஏறி, ஜன்னல் வலையை நகத்தால் நோண்ட ஆரம்பித்தது. வலை கிழிந்தால் மாடியிலிருந்து ரோட்டுக்குப் போய்விடும். சின்னண்ணன் ஸ்டூல் போட்டு ஏறினார். கோழியைப் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. பின்னால் போய், சத்தமில்லாமல், இரண்டு காலையும் ஒரே கையில் சேர்த்து இறுக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு கோழி கோழியல்ல, பொருள். அவர் அப்படியே பிடித்தார். கோழிக்குக் கால் இரண்டு என்பதும் பூனைக்கு மீதி இரண்டு இருக்கிறது என்பதும் பிடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலு கோடு. திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் குழாயடியில் காட்டினார். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். நர்சம்மா ஊசியை எடுத்துக்கொண்டே, "பார்த்துப் புடிக்கக் கூடாதாங்கய்யா?" என்றாள்.

"புடிக்கவே கூடாதுன்னு எழுதித்தான் இருந்துச்சுங்க."

மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வரச்சொல்லிச் சீட்டு கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது சுக்கு தானாகவே இறங்கி, வாசலில் அவர் செருப்பை மோந்துகொண்டிருந்தது. அவர் வந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கு நடந்தது. கிண்ணத்தைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் கிண்ணம் அப்படியே இருந்தது. டப்பாவில் இருந்த பூனைத் தீவனத்தை மாற்றி வைத்தார். மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து, தான் சாப்பிடும் மெஸ்காரரிடம் கெஞ்சி வேகவைத்து வாங்கி வைத்தார். எறும்புக்குத்தான் பயன்பட்டது. மூன்றாம் நாள் காலை சுக்கு கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவே இல்லை. கண் மட்டும் தெரிந்தது. கண்ணோடு கண் பார்க்கக் கூடாது என்பதால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாமி, ஒரு வாயி தின்னு சாமி" என்றார்.

தாளில் கடைசிக் குறிப்பு கால்நடை டாக்டரின் போன் நம்பர். ஷாலினி என்று பெயர். கூப்பிட்டார்.

"எத்தனை நாளா சாப்பிடலைங்க?"

"முழுசா ரெண்டு நாளு. இன்னிக்கு மூணாவது."

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஏதாவது உள்ளே போகணும். பட்டினி கிடந்தா பூனைக்கு ஈரல் கெட்டுப்போயிரும். அப்புறம் ட்ரிப்ஸ் போடணும். இங்க தூக்கிட்டு வர முடியுமா?"

சின்னண்ணன் தன் கைக் கீறல்களைப் பார்த்தார். "கோழியா இருந்தா தூக்கிருவேனுங்க."

"வழக்கமா எப்படி சாப்பிடும்னு அவங்க ஏதும் சொல்லிட்டுப் போகலையா?"

அவர் தாளில் தான் போட்ட பென்சில் கோட்டைப் பார்த்தார். "எழுதி வெச்சிருக்கறாங்க. நா அடிச்சு வெச்சிருக்கறேன்" என்றார்.

போனை வைத்ததும் யோசித்தார். குறிப்பில் சாப்பிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்த வீட்டுச் சோறு என்று இல்லை. மெஸ்ஸிலிருந்து மதியச் சாப்பாடு பார்சல் வாங்கி வந்து சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்தார். பார்சல் வெளிச்சோறு. வெளிச்சோற்றை உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது கை நனைத்தலில் சேராது என்று பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுக்கு எட்டிப் பார்த்தது. இரண்டு அடி வைத்தது. அவர் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். அந்தச் சரசர சத்தத்தில் பூனை காற்றாகப் பறந்து கட்டிலுக்கடியில் போனது. அரை மணி நேரம் கூப்பிட்டும் வரவில்லை.

அடுத்து வெறும் தட்டு. அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து முன்னால் வைத்து, இல்லாத சோற்றைப் பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோய், மென்றார். அறுபத்திரண்டு வயதில் இதையும் செய்தார். சுக்கு வந்தது. தட்டைப் பார்த்தது. அவர் வாயைப் பார்த்தது. சபரிநாதன் பார்க்கும் அதே பார்வை. திரும்பிப் போய்விட்டது.

மணி நாலரை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். பூனை தலையைக்கூடத் தூக்கவில்லை.

டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டியிருந்தது, அதே கையெழுத்தில். அரிசி. துவரம் பருப்பு. சீரகம். வெங்காயம், பூண்டு ஜன்னல் கூடையில். சின்னண்ணனுக்குச் சமைக்கத் தெரிந்தது அரிசியும் பருப்பும் சாதம் ஒன்றுதான். பண்ணைக் கொட்டகையில் தனியாகத் தங்கிய காலத்தில் கற்றது. அரிசியை அளந்தார். தாளித்தார். குக்கரை மூடும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு வெயிட்டைப் போட்டார்.

மூன்றாவது விசிலுக்குச் சுக்கு சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்து தட்டில் போட்டுக்கொண்டு, பூனைக் கிண்ணத்தை ஒரு முழம் தள்ளி வைத்தார். முதல் கவளத்தை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். பூனையும் கிண்ணத்தின் மேல் தலையைக் கொண்டுபோய் அப்படியே நிறுத்தியது. யார் முதலில் என்பதுபோல இருவரும் கொஞ்ச நேரம் இருந்தார்கள். அவர் வாயில் போட்டார். அது தின்ன ஆரம்பித்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று யோசிக்க அவர் நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது. அவர் தின்றார். அது தின்றது. தன் தட்டு காலியானபோது பூனையின் கிண்ணத்தில் பாதி மிச்சமிருந்தது. வேறு வழியில்லாமல் சின்னண்ணன் எழுந்து இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். நெய் இருந்தது. அதையும் விட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பாவாயி கூப்பிட்டாள். "சாப்புட்டீங்களா?"

"பூனை சாப்புட்டுது."

"நா உங்களக் கேட்டனுங்க."

"பூனை சாப்புட்டுதுங்கறேன், அப்புறமென்ன."

"தாளிச்ச வாசம் போன்லயே வருதுங்க" என்றாள் பாவாயி. "வெங்காயம் கொஞ்சம் கருகீருச்சாட்ட இருக்குது."

அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாலு நாளும் வேளைக்கு வேளை இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். ஆறாம் நாள் சுக்கு வந்து அவர் முட்டியில் தலையை உரசியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணித் தடவினார். நான்காவதுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வால் நுனி துடிப்பதைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பூனை போகவில்லை, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

ஏழாம் நாள் ஊசி போட்டுவிட்டு வரும் வழியில் மகன் கூப்பிட்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவோம் என்றான். கொஞ்சம் தயங்கி, "நாங்க வந்ததும் கெளம்பிருவீங்களாங்கப்பா? மைதிலி கேக்கச் சொன்னா" என்றான்.

"பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள். வந்ததும் சமைப்பாள். சாப்பிடுங்க மாமா என்பாள். மாட்டேன் என்றால், நாலு நாள் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு மாட்டேன் என்பவன். சரி என்றால், எப்போதிலிருந்து என்று யாராவது கேட்பார்கள். பார்த்த சாட்சி பூனை ஒன்றுதான். அது சொல்லப்போவதில்லை. டப்பாவில் குறைந்த அரிசிக்கு ஒரு கடைக்குப் போய் வந்தால் போதும். ஆனால் அந்தப் பெண் ஓரம் விட்டு எழுதுகிறவள். அவளிடம் டப்பாவை நிரப்பி ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை. முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வராது. எழுதத்தான் வரும்.

தாளை எடுத்தார். யாருக்கு என்று எழுதுவதில் கால் மணி நேரம் போனது. 'திருமதி மைதிலி அவர்களுக்கு' என்றால் பேங்க் மேனேஜருக்கு எழுதுவதுபோல் இருந்தது. இதுவரை அவளை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. கடைசியில் எழுதினார்:

'மருமகள் மைதிலிக்கு மாமா எழுதுவது. உன் அப்பாவுக்கு நல்லபடியாக ஆனது அறிந்து நிம்மதி. பொருள்: பூனை சுக்கு பராமரிப்பு. முதல் நாள் குறிப்பு மூன்றை மீறித் தூக்கியதில் எனக்குக் காயம், பூனைக்குக் காயமில்லை. குறிப்பு ஒன்பதைத் தந்திரம் என்று தப்பாக எண்ணி அடித்துவிட்டேன். அதனால் பூனை இரண்டு நாள் பட்டினி. இது முழுக்க என் பிழை. மூன்றாம் நாள் சாயங்காலம் முதல் உன் வீட்டில் உன் அரிசி, பருப்பு, நெய் எடுத்துச் சமைத்து, பூனைக்குத் துணையாக நானும் சாப்பிட்டு வருகிறேன். பூனை நன்றாக உள்ளது. நானும் ஒரு சுற்றுப் பெருத்துள்ளேன்.

'பழக்கத்தை ஒரேயடியாக நிறுத்தினால் பூனைக்கு ஆகாது என்று தோன்றுகிறது. ஆகவே நீங்கள் திரும்பிய பிறகும் மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது நலம். உன் அத்தையையும் கூட்டிவந்தால் பூனைக்கு ஆட்சேபணை இருக்காது என்று நம்புகிறேன். பூனை ஒருபுறமிருக்க, உனக்குச் சம்மதம்தானா என்று எழுதவும். இந்தக் கடிதத்தை உன் பெரிய மாமனார் முறை சபரிநாதனுக்குக் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை.'

ஒரு தடவை படித்தார். 'பெரிய மாமனார் முறை' தப்பு என்று அடித்து, 'சித்தப்பா'வும் அல்ல என்று யோசித்து, வெறுமனே 'சபரிநாதனுக்கு' என்று விட்டார். ஓரம் விட்டு எழுதிய தாளில் அந்த ஓர் அடித்தல் மட்டும் நின்றது. பரவாயில்லை என்று மடித்தார்.

உறை மேல் வேலூர் ஆஸ்பத்திரி விலாசத்தை எழுதினார். அதன் வாயில் பசை காய்ந்துபோயிருந்தது. வீடு முழுக்கத் தேடியும் கோந்து கிடைக்கவில்லை. குக்கரில் மதியச் சாதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பருப்பில்லாத பருக்கையாகப் பார்த்து நாலு எடுத்து, கட்டைவிரலால் மசித்து, உறையின் வாயில் தேய்த்து அழுத்தினார். சுக்கு எட்டி உறையை மோந்து பார்த்தது.

கதவைத் திறக்கும் முன் பூனை எங்கே என்று பார்த்துக்கொண்டு, வெளியே வந்து பூட்டினார். தபாலாபீஸில் பெண் எடை போட்டுவிட்டு, "வேலூர்ங்களா? ஸ்பீடு போஸ்ட்டுன்னாலும் நாளை மறுநாள்தான் போகும். அவசரம்னா ஒரு போன் அடிச்சிருங்களேன் ஐயா" என்றாள்.

"போன்ல சொல்ற விசயமில்ல சாமி" என்றார் சின்னண்ணன்.

அவள் முத்திரை குத்தி, சாதப்பசை இன்னும் ஈரமாக இருந்த அந்த உறையைச் சேலம் வழியாகப் போகும் பைக்குள் போட்டாள்.