இடது கோடி நாற்காலி

வியாழக்கிழமை என்றால் பிளம் ஃபோர்க் ஊரில் லைன் சாப்பாடு. மறுநாள் பள்ளிக்கூட அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கப்போகிற ஐந்து தடியன்களுக்கும் யாராவது ஒரு அம்மா வயிறு நிறையப் போட வேண்டும். களத்தில் எந்த வரிசையில் நிற்பார்களோ, அதே வரிசையில்தான் பந்தியிலும் உட்காருவார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது, நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அதை மாற்ற யாருக்கும் துணிச்சல் கிடையாது.

இந்த வாரம் ட்ரூடி வாவ்ராவின் முறை. மாற்றிவிடுவது என்று அவள் காலையிலேயே முடிவு கட்டியிருந்தாள். நீண்ட மேசையின் ஒரு பக்கமாக ஐந்து நாற்காலிகளைப் போட்டாள். இடது கோடி நாற்காலியின் முதுகில் தன் மகன் வெஸ்ஸின் ஜாக்கெட்டை மாட்டினாள். இரண்டு வருஷமாக அது அவன் இடம்.

இடது கோடி என்றால் லேசுப்பட்டதா? வலது கையால் பந்தை எறிகிறவனுக்கு இடது பக்க முதுகு தெரியாது. அங்கேயிருந்து பாய்கிறவனைத் தடுத்து நிறுத்துகிறவன்தான் அவன் எலும்புக்குப் பொறுப்பு. பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்தால் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். பிடித்துப்போனால் படிப்புச் செலவு மொத்தமும் அவர்களுடையது. நாளைக்கு ஒருவர் வருகிறார். வருகிற நேரம் பார்த்து அந்த இடம் கார்பின் என்பவனுக்குப் போய்விட்டது. வசந்தத்தில்தான் அவன் குடும்பம் மாட்டுப் பண்ணை வேலைக்காக ஊருக்கு வந்தது. வெஸ்ஸை ஓர் இடம் உள்ளே தள்ளிவிட்டார்கள். ட்ரூடிக்கு வயிறு எரிந்தது. பற்றிக்கொண்டு எரிந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

"அந்தக் கோச்சுக்கு என்ன கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றாள், இறைச்சியும் பீன்ஸும் கொதிக்கிற சில்லிச் சட்டியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே.

"அம்மா, ஆரம்பிக்காத."

"ஏன் ஆரம்பிக்கக் கூடாது? 'கை நீளமானவன் ஓரத்துல, குட்டைக்கட்டையா இருக்கறவன் நடுவுல'ன்னு கடைத்தெருவுல நின்னு பிரசங்கம் பண்றாராம். டீம் கட்டறாரா, மாட்டுக்கு வேலி கட்டறாரா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. பெரிய ஆளா அஞ்சு பேரைப் பொறுக்கி நிறுத்தினா லைன் ஆயிடாது. அவனவனுக்கு எந்த இடம் பொருந்துமோ அங்க நிக்கணும். பக்கத்துல நிக்கறவன் எப்ப நகருவான்னு பார்க்காமலே தெரியணும்."

"போன வருஷம் நல்லாத்தானே நின்ன?"

"போன வருஷம் குவார்ட்டர்பேக் டிலனுக்குத் தோள் எலும்பு உடைஞ்சது என் பக்கத்துலேர்ந்து வந்தவனாலதான்."

"அது புல்லு ஈரம்டா!"

வெஸ் தட்டுகளை எடுக்கப் போய்விட்டான்.

ஆறு மணிக்குப் பையன்கள் வந்தார்கள். தரை அதிர்ந்தது. கார்பினுக்குப் பின்னால் அவன் அம்மா ரமோனாவும் வந்தாள், கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டோடு. துணியை விலக்கினால், இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல்! அந்த ஊர் வழக்கப்படி சில்லிக்குத் தொட்டுச் சாப்பிட ட்ரூடி விடியற்காலையில் எழுந்து மாவு பிசைந்து சுட்டு வைத்திருந்ததும் அதேதான்.

"அஞ்சு யானை ஆச்சே, பத்துமோ பத்தாதோன்னு கொண்டாந்தேன்" என்றாள் ரமோனா.

"அதுக்கென்ன, வைங்க" என்றாள் ட்ரூடி. ஒருத்தி வீட்டு விருந்துக்கு அவள் சுட்ட பண்டத்தையே சுட்டுக்கொண்டு வருகிறவளை வேறு என்ன செய்ய முடியும்? சிரித்த சிரிப்பில் தாடை வலித்தது.

கார்பின் இடது கோடிக்கு வந்தான். ஜாக்கெட்டைப் பார்த்தான். உட்காருவதா போவதா என்று புரியாமல் ட்ரூடியைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே உப்பு டப்பாவைத் தேடினாள். வெஸ் வந்து ஜாக்கெட்டை எடுத்து இரண்டாவது நாற்காலியில் மாட்டிவிட்டு அதில் உட்கார்ந்தான்.

"உட்காருடா, பசிக்குது" என்றான் கார்பினிடம்.

மற்ற மூவரும் அவரவர் இடத்தில் விழுந்தார்கள். ட்ரூடி கரண்டியைச் சட்டி மேல் போட்ட சத்தத்தில் பூனை எழுந்து ஓடியது.

போகட்டும், ரோல் இருக்கிறது. தட்டின் நடுவில் இருக்கிற ரோல்தான் மெத்தென்று இருக்கும். சின்ன வயதிலிருந்து வெஸ் அதை மட்டும்தான் சாப்பிடுவான். அதை எடுத்து எல்லார் எதிரிலும் மகன் தட்டில் வைப்பதற்காக அவள் திரும்பினாள். அதற்குள் கார்பின் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினான். அம்மாடி, என்ன கை அது! வெஸ்ஸைத் தாண்டி, நடுவில் இருந்தவனையும் தாண்டிப் போய், ரமோனாவின் தட்டிலிருந்து நடு ரோலைத் தோண்டி எடுத்து வெஸ்ஸின் தட்டில் வைத்தது.

"இந்தா, உன்னோடது."

வெஸ் அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். வெஸ்ஸுக்கு வாங்குகிற சட்டைக்கெல்லாம் கையைக் குறைத்துத் தைப்பவள் ட்ரூடிதான். அந்த நினைப்பு வந்தது, விரட்டினாள். நடு ரோல் சமாசாரம் இவனுக்கு எப்படித் தெரியும்? இந்த நினைப்பை விரட்ட முடியவில்லை.

சாப்பாடு முடிந்து ரமோனாவோடு சமையலறைக்குள் போனதும் கேட்டேவிட்டாள்.

"உங்க பையனுக்கு எங்க வீட்டுப் பழக்கமெல்லாம் தெரிஞ்சிருக்கே."

"தெரியாம என்ன? கோடை முழுக்க வெஸ் காலைல எங்க வீட்டுலதானே சாப்பிட்டான்!" என்றாள் ரமோனா, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே.

ட்ரூடியிடமோ கோடை முழுக்க அவன் மாமா வீட்டில் வைக்கோல் ஏற்றப் போவதாகச் சொல்லியிருந்தான்.

"பொழுது விடிஞ்சா மாட்டுக் கொட்டாய்க்கு வந்துடுவான். காலை எங்க வைக்கறது, கையை எப்ப நீட்டறதுன்னு சொல்லிக்குடுத்து, கார்பினை நிக்க வெச்சு முட்டுவான். அப்புறம் அவனே கோச்சுகிட்டப் போயி, 'என் கை குட்டை, ஓரத்துல இவன் நிக்கட்டும், நான் பக்கத்துல நிக்கறேன்'ன்னு சொல்லியிருக்கான்." ரமோனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "தன்னோட இடத்தைத் தூக்கிக் குடுக்கறதுக்கு இந்த வயசுல எவனுக்கு மனசு வரும்? நீங்க சொல்லாம வந்திருக்காது. நீங்கதானே சொன்னீங்க, ட்ரூடி?"

ட்ரூடி வாயைத் திறந்தாள். காது மடல் வரை சுட்டது.

"ஆமா, எங்கம்மாதான் சொன்னாங்க."

வாசலில் வெஸ். கையில் எச்சில் தட்டுகள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ரமோனா அவளைக் கட்டிப்பிடித்தாள். விடவே இல்லை. ட்ரூடி கட்டை மாதிரி நின்றாள். ஒருவழியாக ரமோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையன்களைப் பார்க்க வெளியே போனாள்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"நாளைக்கு வர்ற ஆளு உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரேடா."

"பார்க்க மாட்டார்தான்." தட்டுகளைத் தொட்டியில் இறக்கினான். "டிலன் இன்னொரு தடவை அப்படி விழுந்தா எனக்குத் தூக்கம் வராதும்மா."

அவன் சட்டைக் கையில் அவள் போட்ட தையல் கண்ணெதிரே இருந்தது. அதைப் பற்றி அவள் பேசவில்லை. ஆனால் எரிகிற வயிறு அவ்வளவு சீக்கிரம் அணையுமா? கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், கேட்டுவிட்டாள்.

"கோடை முழுக்க அவ சுட்டதைத் தின்னிருக்க. உண்மையைச் சொல்லு. யாரு ரோல்டா நல்லாருக்கு? அவளுதா, என்னுதா?"

"உன்னுதுதாம்மா" என்றான் வெஸ், சற்றுமுன் ரமோனாவிடம் சொன்ன அதே குரலில்.