உறையாத மெழுகு

நாலாவது தடவையாக ஏணியில் ஏறும்போது பொறியாளரம்மாவின் முட்டி கெஞ்சியது. அந்தப் பதிவு அலுவலகத்தின் கூரைப் பலகைகளுக்கு மேலே மெழுகு அடைத்த பைகளைப் பரப்பியவள் அவள்தான். பகல் சூட்டைக் குடித்து மெழுகு உருகும், திறந்த ஜன்னல் வழியே வரும் இரவுக் குளிரில் திரும்ப உறையும், ஏசி பாதி நேரம் ஓடினால் போதும். அப்படிச் சொல்லித்தான் வேலையை வாங்கியிருந்தாள். இரண்டு மாதமாகியும் ஏசி மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

காலை ஆறரை மணி. ஒரு பையை அழுத்திப் பார்த்தாள். கல்லாக இருக்க வேண்டியது எண்ணெயாகத் தளும்பியது. கீழே பார்த்தால், ஜன்னல்கள் அத்தனையும் தாழிட்டுக் கிடந்தன.

இரவுக் காவலாளி வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். சிபாரிசு செய்ததும் அவளே.

"அத்தான், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"வெச்சேம்மா, முதல் வாரம். மழை அடிச்சு நாலு ஃபைல் நனைஞ்சுது. மேனேஜர் எல்லார் முன்னாடியும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாரு. அப்புறம் எனக்கெதுக்கு வம்பு?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உனக்கே ஆயிரம் தலைவலி."

கோபம் வந்திருக்க வேண்டும். கொட்டாவிதான் வந்தது.

ஒன்பது மணிக்கு வந்த மேனேஜர், "உங்க மெழுகையெல்லாம் கழட்டிட்டுப் போயிடுங்க" என்றார். வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்ற அத்தான் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டு அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

"தப்பு என்னோடது சார். மழைக்கு மறைப்பு வைக்காம ஜன்னலைத் திறக்கச் சொல்லிட்டேன். பத்து நாள் குடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது பொய்யில்லை என்று அவளுக்கு உறைத்தது.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் சாய்வுத் தகடும் கம்பி வலையும் பொருத்த ஐந்து நாள் பிடித்தது. தூக்கத்தை விட்டுவிட்டு அத்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் இரண்டாம் நாள் காலை, பைகள் இறுகியிருந்தன. மதியம் ஒரு மணி வரை ஏசி வாயே திறக்கவில்லை. வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வெயில் கொஞ்சம் கம்மி, இல்ல?" என்றார் ஒரு குமாஸ்தா.

"ஆமாங்க" என்றாள் அவள்.

"எல்லாம் உன் மெழுகு செஞ்ச வேலைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றார், அன்றும் வீட்டுக்குப் போகாமல் நின்ற அத்தான்.

"விடுங்க அத்தான். அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன், எழுப்பி விடுங்க."

நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு மணி நேரம் ஆகியும் அவர் எழுப்பவில்லை.